ஈஸ்ட்டுக்கு வந்த காய்ச்சல்

நம்பிராஜன் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மறுபடி எண்ணினான். மாற்றமில்லை. நூற்றுக்குப் பதினெட்டு செத்திருந்தன.

எட்டு மணிக்கு நாலுதான். பத்து மணிக்குப் பதினெட்டு!

இருங்காட்டுக்கோட்டையில் ரொட்டிக் கடைகளுக்கு ஈஸ்ட் வளர்க்கும் தொழிற்சாலை அது. ஈஸ்ட்டின் உடம்பைக் கவனிப்பது நம்பிராஜன் வேலை. இரண்டு மணிக்கொரு தடவை தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் வரும். அதில் ஒரு சொட்டு எடுத்து நீலச் சாயம் கலந்து பார்ப்பான். உயிருள்ள செல் சாயத்தை அண்டவிடாது, செத்தது நீலமாகிவிடும். இதைச் செய்துகொண்டு ஆறு மாதமாகத் தன்னை டாக்டர் என்றே நினைத்திருந்தான்.

இன்று நாலு மணிக்குள் மேனேஜர் தாவீது அவனுடைய பர்மனென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் செல்வலட்சுமியைத் தருவேன் என்று அம்பாசமுத்திரத்தில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். "இன்னைக்குக் கிடைச்சிரும் மாமா" என்று காலையில்தான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அளந்துவிட்டு வந்திருந்தான்.

"பாண்டுரங்கண்ணே, பாட்டில் என்ன இப்படிச் சுடுது?"

"சுடத்தான சார் செய்யும்?" என்றார் சாம்பிள் கொண்டுவரும் பாண்டுரங்கன்.

தொட்டியின் உச்சிக்கு நாற்பத்தெட்டு படி ஏறிப் பிடித்துவர வேண்டிய சாம்பிள். ஐம்பது வயதில் மனிதருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. 'உள்ளூர் உடம்பு!' என்று நம்பிராஜன் வியந்துகொண்டான். போன வாரம்தான் அவருக்கு, "ஈஸ்ட்டுக்குக் கதகதப்புதான்ணே உயிர்" என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்திருந்தான்.

ஆனால் இது கதகதப்பில்லை, காய்ச்சல். தொட்டியைச் சுற்றி ஓடும் குளிர்நீரை முழுசாகத் திறந்துவிட்டான்.

பன்னிரண்டு மணி பாட்டில் டாணென்று வந்தது. இன்னும் அதிகமாகச் சுட்டது. செத்தது முப்பத்தெட்டு!

"தொட்டி மீட்டர்ல சூடு எறங்கிடுச்சே சார்" என்றார் பாண்டுரங்கன்.

"மீட்டர் பொய் சொல்லும்ணே. பாட்டில் சொல்லுமா?"

மீட்டரைக் கழற்றி வேறு மாட்டச் சொன்னான். புதியதும் அதே பொய்யைச் சொன்னது. சத்துக் குறைவோ என்று ஒரு வாரத்து வைட்டமினைத் தொட்டியில் கொட்டினான்.

இரண்டு மணி பாட்டிலைக் கைக்குட்டை வைத்துத்தான் பிடிக்க முடிந்தது. எழுபத்தொன்று!

விஷயம் தெரிந்து தாவீது ஓடிவந்தார். பிஸ்கட் கம்பெனியில் விற்பனை பார்த்துவிட்டு வந்தவர். கணக்குக் கேட்பார், காரணம் கேட்கமாட்டார்.

"இருபதாயிரம் லிட்டர்! கவனிக்கத்தானே உன்னை வெச்சிருக்கு? திறந்து சாக்கடையில விடு. அப்படியே நீயும் ஊருக்குக் கிளம்பு."

"சார், கடைசியா ஒரே ஒரு சாம்பிள்! மருந்து இப்பத்தான் சார் புடிச்சிருக்கும்."

பாண்டுரங்கன் கேன்டீனுக்கு டீ குடிக்கப் போயிருந்தார். நம்பிராஜனே நாற்பத்தெட்டு படியும் ஏறினான். இருபதாவது படியில் செல்வலட்சுமியின் முகம் மங்கலாகத் தெரிந்தது. முப்பதாவது படியில் அதுவும் தெரியவில்லை. சாம்பிளோடு இறங்கி வந்து, சாயம் கலந்து எண்ணினான்.

நாலு.

"நாலு சார்! நாலே நாலு! பாட்டில்கூடச் சுடலை, தொட்டுப் பாருங்க! காய்ச்சல் விட்டுட்டுது!"

தாவீது தொட்டுப் பார்த்தார். செத்தது எப்படிப் பிழைத்தது என்று அவர் கேட்கவில்லை. நம்பிராஜனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஈஸ்ட்டின் மன உளைச்சல், குளிர் வைத்தியம், வைட்டமினின் மகிமை என்று மூச்சுவிடாமல் விளக்கினான். மேனேஜர் கண் கலங்கிவிட்டது.

"உன்னைப் போய்த் திட்டிட்டேனேய்யா!" என்று, நம்பிராஜன் நீட்டிய ஆர்டரில் அங்கேயே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தின் ஒரு முனையை அவர் இன்னும் விடவில்லை. மறுமுனையை நம்பிராஜன் பிடித்துவிட்டான். கதவைத் தள்ளிக்கொண்டு பாண்டுரங்கன் தலையை நீட்டினார்.

"சார், நாலு மணி பாட்டிலையும் இப்பவே குட்த்துடட்டா? காலைல ஒரே தபா ஏறிப் புடிச்ச அஞ்சுல அது ஒண்ணுதான் பாக்கி; நீங்க சொன்னாப்ல கதகதப்பா பாய்லர் மேலயே கீது!"