ஆடிச்சுற்றில் ஓடிய ஜப்பான்

"ஏட்டி, என் மாடியில குடியிருக்கவனப் பத்தித் தெரிஞ்சு நீ என்ன செய்யப் போற? அடுப்புல பால் பொங்குதான்னு பாக்காம, பத்திரிகையப் பிரிச்சதும் அடுத்த வீட்டு வம்புதான் கேக்குதோ? சரி, கேட்டுத் தொலைச்சிட்ட. உக்காரு, சொல்லுதேன்."

கோவில்பட்டியைத் தாண்டிப் போகாமலேயே ஜப்பானில் குடியிருக்கிற மனுஷன் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான். சங்கரன்கோவில் தறி செட்டில் மெக்கானிக். வயது முப்பத்தைந்து இருக்கும். தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. ஆதார் கார்டில் ஏதோ ஒரு பெயர் உண்டு. தெருவுக்கு அவன் ஜப்பான்.

வீடு பார்க்க வந்த அன்றைக்கே செருப்பைக் கழற்றி, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தான். அப்புறம் இடுப்புவரை குனிந்தான். எதையோ தவறவிட்டான் என்று நானும் குனிந்து தரையைத் தேடினேன்.

"என்னலே விழுந்துட்டு?"

"ஒண்ணும் விழல ஆச்சி. ஜப்பான்ல இப்படித்தான் வணக்கம் சொல்லுவாங்க."

"அங்கன இருந்தா வார?"

"இல்ல ஆச்சி, இந்தா பக்கத்துல பனவடலிசத்திரம்."

எல்லாம் செல்போனில் பார்க்கிற ஜப்பான் தேசத்துப் பொம்மைப் படத்தால் வந்தது. பொம்மைப் படம் என்று சொன்னால் அவனுக்கு மூக்கு சிவந்துவிடும். "அனிமே ஆச்சி, அனிமே" என்பான். தறிச் சத்தத்துக்கு நடுவே காதில் ஒயரைச் செருகிக்கொண்டு பத்து வருஷம் பார்த்ததில் பாஷையே வந்துவிட்டதாம். சரியாகத்தான் பேசுகிறானா என்று என்னைக் கேட்காதே. தப்புக் கண்டுபிடிக்கிற ஆள் ஊரில் இல்லாததுதான் அவனுக்குச் சௌகரியம்.

ஒரு நாள் இடியாப்பமும் சொதியும் கொடுத்தேன். கையைக் கூப்பி என்னவோ முணுமுணுத்துவிட்டு, இரண்டு மூங்கில் குச்சியை எடுத்து இடியாப்பத்தை இழை இழையாகத் தூக்கினான். அது சர்ரென்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி உள்ளே போனது.

"ஏலே, மெதுவாத் தின்னா என்ன?"

"உறிஞ்சிச் சத்தம் போட்டாத்தான் ஆச்சி, சமைச்சவங்களுக்கு மரியாதை."

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் எனக்கு அந்த மரியாதையைச் செய்திருக்கிறார். நான்தான் தெரியாமல் திட்டியே அனுப்பிவைத்துவிட்டேன்.

டி.வி. ரிப்பேரான ஒரு மாலையில் எனக்கும் அனிமே காட்டினான். ஒருவன் வாளோடு மேலே குதித்தான். குதித்தவன் அந்தரத்தில் நின்றபடி அம்மாவை நினைத்தான், ஊரை நினைத்தான், சின்ன வயதில் தின்ற சோற்றை நினைத்தான். கீழே இறங்க மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் நான் மாடிக்குப் போய், "இறங்கிட்டானாலே?" என்று கேட்டதை மட்டும் வெளியே சொல்லிவிடாதே.

ஒரே ஒரு பழக்கம்தான் எனக்குப் பிடிபடவில்லை. தினமும் சாயங்காலம் பூட்டைத் திறந்து, காலி வீட்டைப் பார்த்து "தடைமா" என்பான்.

"பூட்டுகிட்டயா பேசுத?"

"வீட்டுக்கு வந்துட்டேன்னு அர்த்தம் ஆச்சி. உள்ள இருக்கவங்க 'ஒக்காயெரி'ன்னு சொல்லணும். வந்துட்டியா, வான்னு."

"உள்ளதான் யாருமே இல்லியே."

"அதுக்கு நான் என்ன செய்ய? என் பங்கை நான் சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் என் மகளுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்தப் பூஞ்சைக் குஞ்சைப் பார்த்துவிட்டு, "கோமதித் தாயே, வீடு வந்து சேத்துரு, ஆடித்தபசுக்கு நூத்தெட்டுச் சுத்து சுத்துதேன்" என்று நேர்ந்துகொண்டேன். பிள்ளை வீடு வந்துவிட்டது. என் கால்தான் வேலையைக் காட்டியது.

எங்கள் அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்தவள். தபசுத் திருவிழாவுக்கு முன்னால் ஆடிச்சுற்று என்று கோயிலைச் சுற்றுகிறவர்கள் அவள் கால்வலியை வாங்கிக்கொள்வதாக ஐதீகம். அந்த வருஷம் மொத்த வலியையும் என் ஒருத்தி முட்டுக்கே அனுப்பிவிட்டாள். சுற்றுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையைக் கீழே போட்டுக்கொண்டே வந்தேன். தபசுக்கு முந்தின நாள் மதியம், மடியில் இன்னும் முப்பத்தேழு கொட்டை. முட்டு பனங்காயாக வீங்கி, கூட்டத்துக்குள் இடிபட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். முடிக்காமல் போனால் அந்தப் பிள்ளை முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஜப்பான் வந்தான்.

"எந்திரிங்க ஆச்சி. அனிமேல கூட்டாளியப் பாதியில விட்டுட்டுப் போற வழக்கமே கிடையாது."

"கூட்டத்தப் பாத்தியால? எறும்பு நுழைய இடமில்ல."

"நான் முன்னால ஓடுதேன். பின்னாலயே வாங்க."

ஓடினான். எப்படி? தலையை முன்னால் நீட்டி, இரண்டு கையையும் காக்காய்ச் சிறகு மாதிரி முதுகுக்குப் பின்னால் விறைத்து வைத்துக்கொண்டு! அவன் படத்தில் வீரர்கள் அப்படித்தான் ஓடுவார்களாம். ஓடிக்கொண்டே "கம்பத்தே! கம்பத்தே!" என்று ஒரு கத்தல்.

ஒருத்தி குலவை போட்டாள். "சாமி வந்துட்டு! வழி விடுங்க!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ராணி மாதிரி நொண்டிக்கொண்டே நடந்தேன். ஒரு அம்மாள் அவன் காலில் விழுந்தாள். இவன் மரியாதைக்கு இடுப்புவரை குனிந்தான். சாமியே குனிகிறதே என்று அவள் மறுபடி விழுந்தாள். இவன் மறுபடி குனிந்தான். விட்டால் தபசே முடிந்திருக்கும். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"சாமி என்ன சொல்லுது ஆச்சி?" என்றாள் அவள்.

"மருமகளோட மல்லுக்கு நிக்காதேங்குது."

"அய்யோ, சாமிக்கு எப்படித் தெரியும்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஜப்பான் என் காதருகே வந்தான். "ஆச்சி, கோயில்ல வச்சுப் பொய் சொல்லுதீயளே! கம்பத்தேன்னா விடாதே, முடிச்சிருன்னு அர்த்தம்."

"அது எனக்குச் சொன்னது. அவளுக்கு வேண்டியத நான் சொன்னேன். பேசாம ஓடுலே."

கடைசி ஐந்து சுற்றுக்கு என் காலே எழும்பவில்லை. அவன் ஓட்டத்தை விட்டுவிட்டுத் தோளைக் கொடுத்தான். ஒவ்வொரு அடிக்கும் வாய்க்குள் "கம்பத்தே, கம்பத்தே" என்றபடி வந்தான். கடைசிக் கொட்டையைப் போட்டதும் அவன் கோபுரத்தைப் பார்த்து இடுப்புவரை குனிந்தான். முட்டு கெஞ்சியது, இருந்தும் நானும் அவன் மாதிரியே குனிந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மாடிப்படிச் சத்தம். பூட்டுத் திறக்கிற சத்தம். "தடைமா."

கீழே இருந்து தொண்டையைத் திறந்து கத்தினேன். "ஒக்காயெரி லே!"

மேலே மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சளியாலே?"

"ஆமா ஆச்சி."

அதிலிருந்து ஒரு நாள் தப்பாமல் கத்துகிறேன். தெருப் பெண்களுக்குப் பொறுக்குமா? நாலு பேர் கூடி வந்தார்கள். "சாயங்காலமானா என்னவோ மந்திரம் சொல்லுதீயளே, எந்தச் சாமிக்கு ஆச்சி?"

"சாமிக்கு இல்லட்டி," என்றேன். "வீட்டுல ஆளு இருக்குன்னு அர்த்தம்."