ஒண்ணும் ஆகாது ஆசாமி

மனித இனத்தில் ‘ஒண்ணும் ஆகாது’ ஆசாமி என்று ஒரு வகை உண்டு. அவரைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. ஒருவன் ஏணியில் ஏறினால் கீழே வந்து நிற்பார். ஏணியைப் பிடிக்க அல்ல, பிடிக்கத் தேவையில்லை என்று சொல்ல. காலாவதியான மருந்தை முகர்ந்து பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று சான்றிதழ் கொடுப்பார். புது இயந்திரம் வாங்கினால், கூட வரும் விளக்கப் புத்தகத்தை ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில் செருகுவார். மேசை ஆடாது. அந்தப் பெருமையும் அவருக்கே.

இவரை முழு உருவில் பார்க்க வேண்டுமென்றால் ஒரு காட்டுவண்டியின் அருகே நிறுத்த வேண்டும். காட்டுவண்டி தெரியுமல்லவா? கதவு கிடையாது. முன்னால் இரண்டு இருக்கை, தலைக்கு மேல் குழாய்ச் சட்டம், பின்னால் சாமான் ஏற்றும் தட்டு. சேறு, மேடு, பாறை எதையும் மதிக்காது, கவிழ்வதற்கும் தயங்காது. ஆகவே அதற்கென்று சில ஒழுங்குகள் இருக்கின்றன. பெல்ட் போட வேண்டும், தலைக்கவசம் போட வேண்டும், சுமையைக் கட்ட வேண்டும், பின்தட்டில் ஆளை ஏற்றக் கூடாது, சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். நம் ஆசாமிக்கு இவை ஒவ்வொன்றும் தன் வீரத்தின்மேல் சுமத்தப்பட்ட அவதூறு.

“பெல்ட்டா? நான் என்ன பறக்கவா போறேன்?” என்பார்.

எனக்குத் தெரிந்த ஆசாமிக்கு ஒரு தங்கை. தேனீ வளர்ப்பவள். இந்தக் குன்றில் பூ ஓய்ந்துவிட்டது. பெட்டிகளை அடுத்த குன்றுக்குக் கொண்டுபோகாவிட்டால் அந்த வருஷம் தேன் இல்லை, தேனீயும் மிஞ்சாது. பொழுது சாய்ந்து தேனீக்கள் அடைந்ததும், வாசல்களைத் துணியால் அடைத்து, பெட்டிகளைக் காட்டுவண்டியில் சரிவுக்குக் கீழே நிற்கும் லாரிக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. எல்லாப் பெட்டிகளையும் தங்கையே இழுத்துக் கட்டிவிட்டாள். தட்டின் ஓரத்தில் ஒரு பெட்டிதான் பாக்கி. அதுதான் தாய்ப்பெட்டி, மற்றப் பெட்டிகளின் ராணிகளெல்லாம் அதில் பிறந்தவை.

வண்டி ஓட்டுபவர் அவள் கணவர். மச்சானான நம் ஆசாமிக்கு நேர் எதிர் வகை. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாலும் பெல்ட்டைத் தேடுவார். மேட்டைப் பார்த்த வாக்கில் வண்டியை நிறுத்தி, கைபிரேக் சற்றுத் தளர்ச்சி என்பதால் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கயிறு எடுக்கப் போனார். திரும்பி வந்தால் பின்தட்டில் மச்சான் கொலுவிருக்கிறார். இறங்கச் சொன்னால் இறங்கவில்லை. சரி, வண்டியை முன்னால் கொஞ்சம் சமதரைக்கு ஏற்றிப் பேசிக்கொள்வோம் என்று இவர் ஏறி உட்கார்ந்தார். தலைக்கவசம், பெல்ட், காலில் பிரேக், இன்ஜின், கைபிரேக்கையும் இறக்கினார்.

“மச்சான், அந்தக் கட்டை அங்கதானே இருக்கு?”

“அதை அப்பவே எடுத்துட்டேன்.”

“எடுத்தா? எங்க வச்சீங்க?”

“அதுமேலதான் உக்காந்திருக்கேன். பெட்டிமேல உக்காந்தா கொட்டாது?”

“ஐயோ மச்சான், பெட்டியும் கட்டல...”

“நான் பிடிச்சுக்கறேன். ஒண்ணும் ஆகாது, மாப்பிள்ளை. விடு.”

‘விடு’ என்றால் கவலையை விடு என்றும் ஆகும். பிடித்திருப்பதை விடு என்றும் ஆகும். இன்ஜின் இரைச்சலில் முன்னிருக்கை வரை போய்ச் சேர்ந்தது அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான். மாப்பிள்ளை சொன்னதைக் கேட்கிற மனிதர். பிரேக்கை விட்டார்.

வண்டி பின்னோக்கிப் புறப்பட்டது. கோழிகள் சிதற, காயப்போட்ட துணி ஒன்று மச்சானின் தலையில் முக்காடாக விழ, கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்த நான் கேட்டோடு ஒட்டிக்கொள்ள, லாரிப் பக்கத்திலிருந்து தங்கை “பிடி, பிடி” என்று அலற, கணவர் பிரேக்கைப் பிடித்தார், அண்ணன் பெட்டியைப் பிடித்தார். இருவரும் சொன்ன பேச்சைத் தட்டவில்லை. வண்டி நின்றது.

மச்சான் நிற்கவில்லை. பறந்தார்.

எருக்குவியலில் இடுப்புவரை அமர்ந்தார். மடியில் தாய்ப்பெட்டி. வாசல் துணி நழுவி, உள்ளேயிருந்தவர்கள் விசாரிக்க வெளியே வந்தார்கள்.

“விட்டுடாத அண்ணா,” என்று கத்திக்கொண்டே தங்கை ஓடினாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஆசாமி ஒரு பாதுகாப்பு விதியைக் கடைப்பிடித்தார். காதில் கொட்டியது, உதட்டில் கொட்டியது, மூக்கில் வரிசை கட்டிக் கொட்டியது. விடவில்லை. அவள் வந்து வாசலை அடைக்கும்வரை கைக்குழந்தைபோல் அணைத்தபடி இருந்தார்.

“ஒம்மும் ஆகல,” என்றார். உதடு அதற்குமேல் இடம் கொடுக்கவில்லை.

“பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. உன் மூக்கைத்தான் காணோம்,” என்றாள் தங்கை. சிரித்தாளா அழுதாளா என்று அந்த வலை முகமூடிக்குள் தெரியவில்லை.

அடுத்த குன்றுக்கு அவரை லாரியின் முன்னிருக்கையில் வைத்துக் கொண்டுபோனார்கள். தங்கையே பெல்ட்டை மாட்டினாள். “இதெல்லாம் எதுக்கு, விடு,” என்றார். அந்த லாரியில் யாரும் எதையும் விடவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த வகையில் நீங்கள் சேர்த்தி இல்லை என்கிறீர்கள். சரி. போன வாரம் ஏணிக்குக் கீழே நின்றது யார்? உங்கள் வீட்டு மேசைக் காலுக்கு அடியில் இருப்பது என்ன புத்தகம்? “அட, விடுங்க சார்” என்றுதானே சொல்ல வந்தீர்கள்? சொல்லுங்கள், ஆனால் அதற்கு முன் சுற்றும் முற்றும் பாருங்கள். உங்கள் பேச்சைக் கேட்கிற யாராவது ஒரு நல்ல மனிதர் காலைப் பிரேக்கில் வைத்திருக்கப் போகிறார்.