மகுடம் இழுக்கும் நாள்

வரைபடம் எழுதுகிறவர்கள் மை தீர்ந்துபோய் அப்படியே விட்டுவிட்ட மூலையில் அளகநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மகுடத்தை அரசனின் சொந்தத் தலைமுடியோடு சேர்த்துப் பின்னிக் கட்டிவிடுவார்கள். ஆண்டுக்கொரு முறை, இழுப்புத் திருநாளன்று, குடிமக்களில் யார் வேண்டுமானாலும் மேடையேறி அதைப் பிடித்து இழுத்துப் பார்க்கலாம். நின்றால் ஆட்சி நிற்கும். கையோடு வந்துவிட்டால் வேறு ஆள். உலகத்திலேயே நேர்மையான முறை இதுதான் என்று அந்நாட்டார் மார்தட்டிக்கொண்டார்கள்.

ஏழாம் அடர்முடியானின் உச்சந்தலை வெளுக்கத் தொடங்கியதும் அரண்மனை கேச வைத்தியர் வேண்மாளை அழைத்தார்கள். அவள் யாருக்கும் பயப்படுகிறவள் அல்ல. அரசனின் தலையைச் சந்தையில் தேங்காய் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது பரம்பரையா வர்றது மகாராஜா. உங்க மேல தப்பில்ல. வழியும் இருக்கு. தினமும் மருந்து பூசணும். ஆம்பிளைங்களுக்கு ஒரு மாத்திரை உண்டு. பிள்ளை பெறுற வயசுப் பொண்ணுங்க அதைத் தொடக் கூடாது, அவங்களுக்குப் பூச்சு. ரொம்பப் போயிட்டா பின்னந்தலை முடியை எடுத்து முன்னால நடலாம். எதுன்னாலும் வேர் உயிரோட இருக்கும்போதே ஆரம்பிக்கணும், மாசக்கணக்குல பொறுக்கணும். பூசறதை நிறுத்தினா மறுபடி கொட்டும்.”

“திருநாள் அடுத்த மாதம் வருகிறதே” என்றான் அரசன்.

“அது மருந்துக்குத் தெரியாதே மகாராஜா.”

பேரமைச்சர் செம்பியனார் தொண்டையைச் செருமினார். “பரம்பரை என்று சொல்வது முன்னோர்களைக் குற்றம் சாட்டுவதாகும். முன்னோர்களின் படங்கள் எல்லாவற்றிலும் முடி அடர்த்தியாகவே வரையப்பட்டுள்ளது. எனவே இந்த நோய் நம் நாட்டில் இல்லை.”

“பொம்பளைங்களுக்கும் இருக்குங்க. முன்னால நெத்தி ஏறாது, வகிடு அகலமாகும்.”

“பெண்களுக்கு அறவே இல்லை என்பது அரசின் கொள்கை.”

அன்று மாலையே முதல் ஆணை வந்தது. இல்லாத நோய்க்கு மருந்து விற்பது மோசடி என்று வேண்மாளின் கடைக்கு முத்திரை வைத்தார்கள். கடை போனதில்கூட அவளுக்கு வருத்தமில்லை. கல்யாண வயதில் இருந்த மகள் நப்பின்னையின் வகிடு அகன்று, பூச்சு போட்டு, இப்போதுதான் பூனைமுடியாக முளைக்கத் தொடங்கியிருந்தது. பூச்சு முத்திரை வைத்த கடைக்குள் மாட்டிக்கொண்டதும் அதுவும் கொட்டத் தொடங்கியது. வேர் அரசாணைக்காகக் காத்திருக்குமா என்ன?

இரண்டாம் ஆணை அடர்ந்த தலை உள்ளவர்களைத் தேடி வந்தது. தம்மிடம் உள்ளதில் பாதியை அவர்கள் நாட்டுக்கு ஈய வேண்டும். காவலர்கள் கத்தரியோடு தெருத்தெருவாகப் போனார்கள். வெட்டிய முடியெல்லாம் அரண்மனைக்குள் போனது. மக்கள் முணுமுணுத்தார்கள். உடனே மூன்றாம் ஆணை பிறந்தது: இழந்ததை மீட்டுத் தரும் அடர்முடித் தைலம். நல்லெண்ணெய்ச் சீசாவில் அரசனின் படம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். யார் எப்போது நீட்டினாலும் மறுக்காமல் தேய்த்துக்கொள்ள வேண்டும், மறுப்பவர் துரோகி. ஆளுயரக் கல்லில் இதை வெட்டித் திருநாள் மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஊரே எண்ணெய் வடிய வடிய நடந்தது. முளைத்துவிட்டதா என்று கேட்டால், எல்லாரும் முளைத்துவிட்டது என்றார்கள்.

திருநாள் வந்தது. அரசன் தோள்வரை புரளும் முடியோடு வீற்றிருந்தான். அதில் ஒரு சுருள் தன்னுடையது என்று கூட்டத்தில் நின்ற ஒருத்தி அடையாளம் கண்டு வாயை மூடிக்கொண்டாள். கொல்லர் ஏறி இழுத்தார். அரசன் சிம்மாசனத்தோடு நகர்ந்தானே தவிர, மகுடம் அசையவில்லை. மல்லர் இழுத்தார். அதுவும் வீண்.

“மக்களின் தீர்ப்பு!” என்றார் பேரமைச்சர். “இவ்வளவு உறுதியான மகுடத்துக்கு இனி ஆண்டுதோறும் சோதனை எதற்கு? இதுவே கடைசித் திருநாள்.”

மகளின் கையை விட்டுவிட்டு வேண்மாள் மேடையேறினாள். கடைசித் திருநாள் என்றால் அவள் கடைக்கும் அது கடைசிதான், நப்பின்னையின் தலைக்கும்தான். கிட்டே போனதும் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. மகுடத்தின் விளிம்பில் பழுப்பாக ஏதோ உறைந்திருந்தது. பலாப்பழம் அரிந்த எவருக்கும் அந்தப் பிசினைத் தெரியும். அது எதற்கு மசியும் என்பதும் தெரியும். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அவள் மகுடத்தைத் தொடவே இல்லை. இடுப்பிலிருந்து தைலச் சீசாவை எடுத்தாள்.

“மகாராஜா இன்னிக்குத் தைலம் வச்சாச்சுங்களா?”

அரசன் பேரமைச்சரைப் பார்த்தான். பேரமைச்சர் கல்லைப் பார்த்தார். கல்லில் எழுத்துகள் பெரிதாகவே இருந்தன.

“தேய்” என்றான் அரசன்.

வேண்மாள் தாராளமாக ஊற்றினாள். தொழில்காரி அல்லவா, அவசரப்படாமல் விளிம்போடு விளிம்பாக விரலை ஓட்டி நீவிவிட்டாள். எண்ணெய் பட்டுப் பிசின் இளக, மகுடம் முதலில் காதுப்பக்கம் சாய்ந்தது. பிறகு ஊராரின் முடியையெல்லாம் கூட்டிக்கொண்டு மெல்ல வழுக்கி அரசனின் மடியில் வந்து உட்கார்ந்தது.

“நப்பின்னை, போய்க் கடையைத் திற. முதல் பூச்சு உனக்குத்தான்” என்றாள் வேண்மாள், உரக்க.

கூட்டம் ஆரவாரிக்கத் தொடங்குவதற்குள் செம்பியனார் முன்னால் வந்து கையை உயர்த்தினார். “நமது தைலம் வேலை செய்யும் என்று நான் அன்றே சொன்னேன்” என்றார். சொல்லிக்கொண்டே மகுடத்தை எடுத்து, பிசின் பக்கம் கீழே இருக்கும்படி, தன் வழுக்கைத் தலையில் வைத்து அளவு பார்த்தார்.

வேண்மாள் இன்னும் சீசாவை மூடியிருக்கவில்லை.