எஸ்கந்தர் கானின் தொலைநோக்கி

மனைவிக்குத் தெரியாமல் இந்த உலகத்தில் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்குகிற பொருள் ஆள் உயரம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். காஷான் நகரத்துப் பூகோள ஆசிரியர் ஹூஷங்குக்கு இந்த ஞானம், தொலைநோக்கி வீட்டு வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் பிறந்தது.

"இது யாரோடது?" என்றாள் ஃபிரூஸே.

"மாடி வீட்டு எஸ்கந்தர் கானோடது. அவர் வீட்ல இடமில்லையாம். கொஞ்ச நாள் வெச்சிருக்கச் சொன்னார்."

"பாவம், நல்ல மனுஷர்" என்று சொல்லிவிட்டு அவள் துணி துவைக்கப் போய்விட்டாள். கையால்தான். வாஷிங் மெஷின் சமையலறை முழுக்க ஆடிக் குதித்து உயிரை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. புதிதாக வாங்க வைத்திருந்த பணம்தான் இப்போது முக்காலியில் நின்றுகொண்டிருந்தது. நவ்ரூஸ் புத்தாண்டு கழிந்தால் விலை இறங்கும், அதுவரை பொறு என்று ஹூஷங் சொல்லியிருந்தார். ஈரானில் விலை இறங்கும் என்று நம்புகிற ஒரே மனைவி தனக்கு வாய்த்திருப்பதை நினைத்து அவருக்குப் புல்லரித்தது.

அன்றே மாடிக்கு ஓடி, தான் சொன்ன பொய்யைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினார். மருந்துக்கடை எஸ்கந்தர் கான் சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனிதர். "உங்க வார்த்தை என் கண்ணு மேல! இன்னையிலிருந்து அது என்னோடதுதான்" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. டிசம்பர் எரிநட்சத்திரங்களைப் பார்க்க எஸ்கந்தர் வீடும் சேர்த்து நாலு குடும்பமாகத் தொலைநோக்கியோடு மரன்ஜாப் பாலைவனத்துக்குக் கிளம்பியபோது, வழக்கமாக மணல் என்றாலே முகம் சுளிக்கிற ஃபிரூஸே, "நானும் வரேன்" என்றாள். ஹூஷங் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டினார்கள். டீக்குச் சமோவரில் தண்ணீர் கொதித்தது. கணப்பில் உருளைக்கிழங்கு வெந்தது. கம்பளத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஹூஷங் மட்டும் தொலைநோக்கிக்கும் எஸ்கந்தருக்கும் நடுவில் பாதுகாப்பாக நின்றார். ஃபிரூஸே அவரைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"எஸ்கந்தர் கான், உங்க தொலைநோக்கில எந்தப் பக்கம் கண்ணை வைக்கணும்?"

எஸ்கந்தர் கம்பீரமாக எழுந்து, பெரிய பக்கத்தைக் காட்டினார்.

ஹூஷங் பாய்ந்து வந்தார். "கேலி பண்றாரு! அவருக்கு எப்பவும் விளையாட்டுதான்" என்று சிரித்தார்.

ஃபிரூஸே குழாயைத் தடவிப் பார்த்தாள். பிறகு, நாலு குடும்பமும் கேட்கிற மாதிரி, அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"எவ்வளவு அழகா இருக்கு!"

ஈரானிய முறைப்படி, ஒருவர் பொருளை இன்னொருவர் புகழ்ந்தால், பொருளுக்குச் சொந்தக்காரர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எஸ்கந்தர் நெஞ்சில் கை வைத்து அதைச் சொல்லிவிட்டார்.

"உங்களுக்கே சமர்ப்பணம், ஃபிரூஸே அம்மா!"

"ஐயையோ, வேண்டாம். உங்க கிட்டயே இருக்கட்டும்."

ஹூஷங் மூச்சு விட்டார். இதுவும் முறைதான். மறுக்க வேண்டும், மறுத்துவிட்டாள்.

"உங்களுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு பொருளா? எடுத்துக்கோங்க!"

"சேச்சே, எனக்கு என்ன தகுதி இருக்கு?"

ரெண்டாவது முறையும் மறுத்தாயிற்று. இத்தோடு எஸ்கந்தர் உட்கார்ந்திருந்தால் உலகம் நன்றாக இருந்திருக்கும். ஹூஷங்குக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஆமா ஆமா, வேண்டாம் எஸ்கந்தர் கான்! ரொம்பப் பெரிய பொருள்! எங்க வீட்ல வைக்க இடமே இல்ல!"

வீட்டுக்காரரே தடுத்த பிறகு ஒரு மரியாதை தெரிந்த மனிதர் பின்வாங்க முடியுமா? சொந்தப் பொருளைக் கொடுக்கும்போதே நம் ஆட்களுக்கு வாய் தாராளம். அடுத்தவன் பொருள் என்றால் கேட்கவா வேண்டும்? எஸ்கந்தருக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"என் உயிர் மேல ஆணை! நீங்க எடுத்துக்கலைன்னா நான் இந்த இடத்துல ஒரு வாய் டீ கூடக் குடிக்க மாட்டேன்!"

"இவ்வளவு வற்புறுத்தறீங்க" என்றாள் ஃபிரூஸே, தலையைத் தாழ்த்தி. "இனியும் மறுத்தா மரியாதை இல்ல. ரொம்ப நன்றி."

எஸ்கந்தரின் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு நாலு குடும்பமும் கை தட்டின. ஹூஷங்கும் தட்டினார், தட்டாமல் என்ன செய்வது?

தட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் மூளையில் விளக்கு எரிந்தது. அட! தொலைநோக்கி வீட்டுக்குத்தானே வருகிறது? பொய் சொல்ல வேண்டாம், ஒளிக்க வேண்டாம், எஸ்கந்தரின் காலில் விழ வேண்டாம். மனைவியே தன் கையால் வாங்கியிருக்கிறாள்! ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கியது. கொஞ்சம் அழுகைகூட வந்தது.

மற்றவர்கள் கம்பளத்தில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்க்கத் தொடங்கியதும், அவள் அவர் பக்கத்தில் வந்து நின்று கொஞ்சினாள்.

"ஹூஷங் ஜான், இது இப்போ என்னோடதுதானே?"

"சந்தேகமென்ன? சாட்சிக்கு நாலு குடும்பம் இருக்கு!"

"நான் இதை என்ன பண்ணினாலும் கேக்க மாட்டீங்களே?"

"என் உயிரே உன்னோடது, ஃபிரூஸே ஜான். இந்தக் குழாய் எம்மாத்திரம்?"

"அப்போ சரி. போன வாரம் நீங்க குளிச்சிட்டிருந்தப்போ டெஹ்ரான் கடைக்காரர் போன் பண்ணார். 'ஹூஷங் கானுக்குத் தொலைநோக்கி திருப்தியா?'ன்னு கேட்டார். திருப்திதான், ஆனா திருப்பி எடுத்துப்பீங்களான்னு நான் கேட்டேன். கீறல் இல்லாம இருந்தா எடுத்துக்கிறேன்னார். சனிக்கிழமை அது அங்க போகுது, வாஷிங் மெஷின் இங்க வருது."

ஹூஷங்கின் கை தானாகக் குழாயை நோக்கிப் போனது.

"தொடாதீங்க, கீறல் விழுந்துடும்."

"ஃபிரூஸே... ஒரே ஒரு தடவை..." என்று கெஞ்சினார். "எரிநட்சத்திரம் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

கம்பளத்திலிருந்து எல்லாரும் ஒரே குரலில் "ஆ!" என்று கத்தினார்கள். அவர் திரும்புவதற்குள் வானம் பழையபடி இருட்டாகிவிட்டது.

ஃபிரூஸே தொலைநோக்கியின் மூடியை இறுக்கி மூடினாள். "அதைப் பாக்கக் குழாய் எதுக்கு? ஆண்டவன் கொடுத்த கண்ணாலயே பாருங்க. அதைத்தான் எந்தக் கடையிலயும் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."