என்னால் மூடிப்போன ஊர்

அன்புள்ள பூங்குழலி அக்காவுக்கு,

தங்கை ஜெயசுதா வணக்கத்துடன் எழுதுவது. நீயும் மாமாவும் பாப்பாவும் உங்கள் பண்ணைக் கோழிகளும் நலமா? வேலையை விட்டுவிட்டுப் பொங்கலூர் வந்து கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள் என்று நீ கூப்பிட்டதற்கு, போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்பது கடைசியில் உனக்கே புரியும்.

முதலில் என் கண்ணில் பட்டது புள்ளிகள்தான். கம்ப்யூட்டர் திரையில் ஆயிரம் பச்சைப் புள்ளிகள் தலையாட்டுவதுபோல ஒரே நேரத்தில் மேலும் கீழும் ஆடின. எங்கோ பார்த்த தலையாட்டலாக இருக்கிறதே என்று நினைத்தேன். அக்கா, அது என்னுடையது!

எங்கள் பனியன் கம்பெனி முதலாளி ஈஸ்வரமூர்த்தி ஐயாவின் மகள் வர்ஷினி கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்திருக்கிறார். திருப்பூரையே கம்ப்யூட்டருக்குள் கட்டப்போகிறாராம். கம்பெனிகள், சாயப்பட்டறை, டீக்கடை, காதர்பேட்டை பனியன் சந்தை வியாபாரிகள் எல்லாம் அதற்குள் வாங்கி விற்றுப் பிழைப்பார்களாம், வெளிநாட்டுக்காரன் வரியை ஏற்றினால் ஊர் என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாமாம். திட்டம் போடும்போது, தொழிலாளி எப்படி முடிவெடுப்பார் என்று யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. ஷிப்மெண்ட் அவசரத்தில் தையல்காரர் ஒருவரும் எழுந்து வரவில்லை. வரமாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள் நான் ஒருத்திதான். தைத்ததை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையிலிருந்து என்னைக் கூட்டிப்போய், முதலாளியும் மகளும் இருந்த ஏசி அறையில் உட்கார வைத்தார்கள். வர்ஷினிதான் கேள்வி கேட்டார்.

"சம்பளம் அடுத்த வாரம்னா இருப்பியா கண்ணு?"

"சரிங்க."

"ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம்?"

"சரிங்க."

"வேற கம்பெனில கூப்புட்டா போயிருவியா?"

அதற்கும் சரிங்க. தலை நிமிர்ந்திருந்தால்தானே என்ன கேட்கிறார் என்று மண்டையில் ஏறும்! அவரும் அதை அப்படியே திரையில் புள்ளிகளாக இருந்த தொழிலாளிகள் ஆயிரம் பேருக்கும் போட்டுவிட்டார். ஓட்டிப் பார்த்தபோது ஒரு கம்பெனி கூப்பிட்டது, ஆயிரம் பேரும் போனார்கள், அடுத்த கம்பெனி கூப்பிட்டது, ஆயிரம் பேரும் அங்கே திரும்பினார்கள், நடந்துகொண்டே இருந்தார்களே தவிர ஒரு பனியன்கூட யாரும் தைக்கவில்லை, சாயப்பட்டறை நின்றது, டீக்கடைகூட மூடியது, முதலாளி எழுந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஏஞ்சாமி, எங்கம்பெனிய ஏஞ்சாமி மூடுனே?"

"சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

வர்ஷினி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "திங்கக்கிழமை உன்னைய ஓவர்லாக் தையல் மிஷின்ல உக்கார வெக்கறோம். அந்நேரம் பாத்து வேற யாராச்சும் கூப்புட்டா போவியா? யோசிச்சுச் சொல்லு அம்மணி" என்றார்.

மிஷின்! பள்ளிக்கூடத்தை விட்டு வந்த நாளிலிருந்து, கேட்க வாய் வராமல் நான் பார்த்துக்கொண்டே இருக்கிற மிஷின். "போமாட்டனுங்க" என்று ஒரு குரல் கேட்டது. யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். அதையும் சேர்த்து ஓட்டினார்கள். பாதிப் புள்ளிகள் தலையாட்டுவதை விட்டு உட்கார்ந்து தைத்தன, டீக்கடை திறந்தது, முதலாளி நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.

அதனால் அக்கா, நான் பொங்கலூர் வரமாட்டேன். போனில் நீ கேட்டால் சரி என்றுவிடுவேன், அதற்குத்தான் கடிதம். கோபித்துக்கொள்ளாதே. மாமாவுக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு முத்தம், கோழிகள் எந்த நோயும் இல்லாமல் வளரட்டும்.

உன் தங்கை,
ஜெயசுதா

பின்குறிப்பு: பல்லடத்தில் வண்டியை நிறுத்தி மாமா டீ குடிக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். காதர்பேட்டைக்கு வந்தவர் நம் வீட்டுக்கும் வந்தார். கடிதத்தைக் கொடுத்தனுப்பத்தான் வாசலுக்குப் போனேன். "பொங்கலூருக்குப் பொறப்படலாமா கண்ணு?" என்றார். "சரிங்க மாமா" என்று கடிதத்தோடு பைக்கில் ஏறிக்கொண்டேன்.