சுற்றும் உருண்டைக்கு உன் பெயர் வந்த விதம்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
சனிக்கிழமை

என் மனைவிக்குத் தம்பியும், என் மகளுக்குத் தாய்மாமனும், எனக்கு மட்டும் இன்றுவரை சரியாக விளங்காதவனுமான மச்சான் பாலகிருஷ்ணனுக்கு அய்யாவு எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். உன் அக்கா என்னுடன் பேசுவதில்லை. அதையும் நலத்தில் சேர்த்துக்கொண்டால் நான் சொன்னது முழுக்க உண்மை. அங்கு உன் நலம், தங்கச்சி நலம், உன் பையன் தினேஷ் நலம் எல்லாம் விசாரிக்கலாம் என்றால் நீ போனை எடுப்பதில்லை. ஆகவே நீங்கள் மூவரும் நலமாக இருப்பதாக நானே முடிவு செய்துவிட்டேன். மழை உண்டா என்று கேட்பது வழக்கம். உண்டு என்றும் வைத்துக்கொள்கிறேன்.

நிற்க. நீ குடும்பக் குரூப்பை விட்டு வெளியேறினாய் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் உப்பு ஒழுங்காக இல்லை. ஒருநாள் இல்லவே இல்லை, மறுநாள் இரண்டு நாளைக்கும் சேர்த்து இருக்கிறது. வைகாசியில் கல்யாணம். பத்திரிகை அடிக்கிறவர் தாய்மாமன் பெயர் போடுகிற இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, "பேர் போடறதா, கோடு போட்டுடறதா?" என்று கேட்கிறார். உன் அக்கா சுவரைப் பார்த்துச் சொல்கிறாள், எனக்குக் கேட்கிற மாதிரி: "என் தம்பி வந்து கையப் புடிச்சிக் கூட்டியாந்து மணையில ஒக்கார வெக்காம என் பொண்ணு கழுத்துல தாலி ஏறாது. ஏத்திப் பாக்கட்டும்." யாமினியும் மாமன் வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் இதற்கெல்லாம் என்ன சொல்வது? கம்ப்யூட்டரால் தடைப்பட்டது என்றால் யாராவது நம்புவார்களா? அதனால் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உனக்கே தெரியும், நான் ஓட்டுவது கம்பெனி கேப். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்கிவிடுவதோடு எனக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவு முடிந்தது. ஆனால் பெற்ற பெண் அதே எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டருக்குள் படம் போடுகிற வேலையில் இருக்கிறாள். சம்பளத்துக்குப் போட்டது போதாது என்று, வீட்டுக்கு வந்தும் அவளும் கூட வேலை செய்கிற ரித்விக்கும் சேர்ந்து சும்மாவே ஒன்று செய்தார்கள். கம்ப்யூட்டர் முகப்பில் வருகிற படங்களை எல்லாம் புதுசாக வரைந்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று விடுவது. அதில் சுட்டி என்று ஒரு சங்கதி. எலியை நகர்த்தினால் கண்ணாடிக்குள் ஓர் அம்பு நகருமே, அதுதான். அம்பு ஒன்றுதான் என்று நானும் இத்தனை காலம் நினைத்திருந்தேன். இல்லையாம், போகிற இடத்துக்குத் தகுந்தபடி வேஷம் மாறுமாம். ஓரிடத்தில் கை, ஓரிடத்தில் ஒல்லியாக ஒரு கோடு, ஓரிடத்தில் குறுக்கே அடித்த வட்டம். ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு பெயரும் அதன் கீழே ஒரு வரி விளக்கமும் வேண்டும். 'இயல்புநிலைச் சுட்டி', 'அனுமதியின்மைச் சுட்டி', 'காத்திருப்புச் சுட்டி' என்று அவளே எழுதி வைத்திருந்ததைச் சாப்பிடும்போது படித்துக் காட்டினாள்.

"எப்டிப்பா இருக்கு?"

"ரேஷன் கார்டுல இருக்கிற பேரு மாதிரி கீதும்மா. எதுக்கும் குறை இல்ல. ஆனா கூப்டா ஒண்ணும் திரும்பிப் பாக்காது."

"அப்போ நீயே வையேன் பார்க்கலாம்," என்றாள். என்னைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா? ஐந்தாவது வரை படித்தவனிடம் பெயர் வைக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது அவள் தப்பு. முதலில் சாதா அம்பு. "இதுக்கு இன்னா வேலை?" என்றேன். "இது காட்ற எடத்துலதான் எல்லாம் நடக்கும்," என்றாள். 'தனம்: காட்டிய இடத்துக்குப் போகவும்' என்று உன் அக்கா பெயரையே சொன்னேன். அடுத்து ஒல்லியான கோடு. எந்த இரண்டு எழுத்துக்கு நடுவிலும் போய் நிற்குமாம். கீழே கடை வைத்திருக்கிற டெய்லர் ஆண்டனியை உனக்குத் தெரியுமே, ஆளும் அதே அகலம்தான்; இரண்டு பேர் பேசினால் நடுவில் வந்து நிற்காமல் இருந்திருக்கிறானா? 'ஆண்டனி: இடையில் நுழைவார்.' குறுக்கே அடித்த வட்டத்துக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, ஹவுஸ் ஓனர் லட்சுமம்மா: 'ஆணி அடிக்கக் கூடாது.' யாமினி சிரித்துச் சிரித்து டைப் அடித்தாள். அப்புறம்தான் மச்சான் அந்த உருண்டை வந்தது.

"அப்பா, இது உருண்டையா சுத்திக்கினே இருக்கும்."

"சுத்தும்போது நாம இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாது. காத்துக்கினு இருக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

"அது யாருக்கும் தெரியாது."

"வருமா, வராதா?"

"வரும்பா. எப்போன்னு அதுக்கே தெரியாது."

"நடுவுல போன் பண்ணா?"

"அப்பவும் சுத்திக்கினேதான் இருக்கும்."

"அப்போ அது உங்க மாமன்தாம்மா. இதுக்குப் போயி எதுக்கு இவ்ளோ யோசனை?"

'பாலு மாமா: வந்துக்கினே இருக்கிறார்.' நான் சொன்னது அவ்வளவுதான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த உருண்டைக்கு ஒரு தம்பி உண்டாம்: பக்கத்தில் சின்னதாக உருண்டை சுற்ற, கூடவே அம்பும் இருக்கும். பின்னால் ஏதோ வேலை நடக்கிறது, அது வரைக்கும் நீ உன் வேலையைப் பார்த்துக்கொள் என்று அர்த்தமாம். நாங்கள் இந்த வீட்டுக்கு மாறின அன்றைக்கு பீரோவைக் கட்டிப் படியில் நிறுத்திவிட்டு உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "பங்காருப்பேட்டை தாண்டிட்டேன் மாமா, ரயிலு செம வேகம்," என்றாய். பின்னால் உங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. எந்த ரயிலில் மச்சான் குக்கர் வைக்கிறார்கள்? அதை நினைத்துக்கொண்டு, 'பாலு மாமா, பங்காருப்பேட்டை: நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கலாம்' என்று சொன்னேன். உள்ளேயிருந்து உன் அக்கா, "என் தம்பிய இழுக்கலன்னா உங்களுக்குச் சோறே எறங்காதே!" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். இப்போது கேட்டால் இருமினேன் என்கிறாள்.

யாமினி என்னவோ நல்ல பெண்தான். "தமாஷுக்குத்தான்பா, திங்கக்கெழம பழைய பேரையே போட்டுடுவேன்," என்றாள். ஆனால் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. காலையில் ரித்விக் வந்தான். சிக்கமகளூர்ப் பையன், நல்ல மரியாதை, தமிழ் காதில் விழுந்தால் பாதி புரியும், எழுத்து ஒன்றும் தெரியாது. யாமினி தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போயிருந்தாள். நானும் அவனும் தோசை. மடியில் கம்ப்யூட்டர், கையெட்டும் தூரத்தில் சட்னிப் பாத்திரம். எல்லாம் தயார் என்று அவனுக்கு ஓர் எண்ணம், பெரியவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று, "ஹாக்லா அங்கிள்?" என்றான். போடட்டுமா என்கிறான். சட்னிப் பாத்திரம் அவன் பக்கம் இருக்கும்போது ஒருவன் போடட்டுமா என்றால் நீ என்ன நினைப்பாய்? விருந்தாளியின் கன்னடத்திலேயே பதில் சொல்லுவோம் என்று, "ஹாக்கப்பா, ஜாஸ்தி ஹாக்கு!" என்றேன், போடப்பா, நிறையப் போடு என்று. அவன் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுத் தோசையைத் தொடர்ந்தான். சட்னி வரவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

யாமினி தலையில் துண்டோடு வருவதற்குள், காசில்லாமல் கிடைத்தால் எதையும் எடுத்துப் போட்டுக்கொள்கிற ஜனங்கள் உன்னையும் எடுத்துப் போட்டுக்கொண்டுவிட்டார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. "அப்பா..." என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். ஆண்டனிக்கு விஷயம் தெரிந்ததும் வருத்தப்படுவான் என்று பார்த்தால், கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "உங்க கம்ப்யூட்டர்ல நான் கீறேன், போய்ப் பாருங்க," என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்; காஜா எடுப்பதைவிட அதைத்தான் அதிகமாகச் செய்கிறான். லட்சுமம்மாவிடம் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். படி ஏறி வந்தார். வாடகை வீடு போச்சு என்றே நினைத்தேன். "சரியாகே பரெதிதாரல்லா," என்றார், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்களாம். மாடியில் வடாம் காயப் போடக் கூடாது என்பது விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்க்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இப்படி ஊரே சமாதானமாக இருக்கும்போது உன் அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. தினேஷ் கம்ப்யூட்டர் பையன், எப்படியும் பார்த்து உன்னிடம் சொல்லிவிடுவான், அதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது மேல் என்று உனக்கு வாய்ஸ் அனுப்பினாள். பக்கத்தில் இருந்துதான் கேட்டேன்: "பாலு, யாமினி சுட்டிய உன் பேர்ல போட்டுட்டாடா. ஒண்ணுகூட இல்ல, ரெண்டு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. எப்டியாவது கல்யாணத்துக்கு வந்துடு." நீ கேட்டாய் என்பதற்கு நீலமாக இரண்டு கோடு வந்தது. அதற்கப்புறம் சாம்பல் வரி. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

மச்சான், கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நியாயம் கேள். உன் அக்காவுக்கு ஒன்று, ஆண்டனிக்கு ஒன்று, ஓனருக்கே ஒன்றுதான். உனக்கு மட்டும் இரண்டு. இதை அவமானம் என்று எடுத்துக்கொள்கிறாயே, மாமன் முறைக்கு ஒரு மரியாதை என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? இன்னொன்று. அந்த உருண்டை சுற்றும்போது ஜனங்கள் திட்டுகிறார்கள், மேஜையைத் தட்டுகிறார்கள், எழுந்து போய் டீ குடிக்கிறார்கள். ஆனால் திரும்பி வந்து அதற்கு எதிரில்தான் உட்காருகிறார்கள். வராது என்று தெரிந்தால் உட்காருவார்களா? யாமினி காது குத்துக்கு நீ வந்தபோது காது குத்தி முடிந்து, குழந்தை அழுது முடிந்து, பாயசமும் முடிந்திருந்தது. உன் மடியில் உட்காரவைத்து, போட்டோவுக்காகக் குழந்தையைக் கிள்ளி இன்னொரு தரம் அழவைத்தோம். அந்தப் போட்டோதான் இன்றைக்கும் ஹாலில் மாட்டியிருக்கிறது. நிஜமாக அழுத போட்டோ எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இதற்குமேல் எனக்கு எழுத வராது. நீ லேட்டாகவாவது வா என்பதுதான் சாரம்.

பெயரை யாமினி மாற்றிவிட்டாள். இனிமேல் எடுக்கிறவர்களுக்கு நீ 'காத்திருப்புச் சுட்டி'. முன்னாலேயே எடுத்தவர்களிடம் நீ நீயாகத்தான் இருப்பாய், அதற்கு ஒன்றும் செய்ய முடியாதாம். மலேசியாவிலிருந்து ஒருவர், எங்கள் வீட்டிலும் ஒரு பாலு மாமா உண்டு, தயவுசெய்து மாற்றாதீர்கள் என்று எழுதியிருக்கிறார். அவருக்கு யாமினி பதில் போடவில்லை. உன் சம்மதம் இல்லாமல் போட மாட்டாளாம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். வயசில் பெரியவன் என்ற முறையில் உனக்கு என் ஆசீர்வாதம். வாயில் பெரியவன் என்ற முறையில் உன்னிடம் மன்னிப்பு. இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொண்டு, மற்றதை தினேஷிடம் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
பத்திரிகையில் ஓர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டிருக்கும்
அய்யாவு

பி.கு.: கவருக்கு மேலே உன் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி முடிக்கவும், கீழே கேட் சத்தம் கேட்டது. நீ. பையும் குடையுமாக மேலே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சின்னதாக ஒரு வெல்வெட் பெட்டியை உன் அக்கா கையில் வைத்தாய். "இந்தா அக்கா, சுட்டி. நீ சொன்னாப்பல ரெண்டு." திறந்தால் உள்ளே இரண்டு நெற்றிச்சுட்டி, தங்கம், கெம்புக் கல் வைத்து. "தாய்மாமன் செய்யாம வேற யாரு செய்வா? ஆசாரிதான் இழுத்துட்டாரு. போன எடுத்தா ஆச்சான்னு கேப்ப. ஆவாத பொருளுக்கு எப்டிக்கா ஆச்சுன்னு சொல்றது? அதான் எடுக்கல." குரூப்பை ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, "நான் எங்க உட்டேன்? கைபட்டிருக்கும்," என்றாய். "ரெண்டு எதுக்குன்னுதான் எனக்கும் வெளங்கல, தினேஷுக்கும் வெளங்கல." உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இமைகூட அசையாமல், "ஒண்ணு முகூர்த்தத்துக்கு, ஒண்ணு ரிசப்ஷனுக்குடா," என்றாள். யாமினி கம்ப்யூட்டரைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஆகவே மச்சான், மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை. ஆண்டனி கடைப் பக்கம் போகாதே. நீ இப்போது எனக்கு எதிரில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டு, "யாருக்கு மாமா இம்மாம் பெரிய லெட்டரு?" என்கிறாய். கேஸ் ஏஜென்சிக்கு, புகார் என்று சொல்லியிருக்கிறேன். இத்தனை நாளும் என்னுடன் பேசாமல் இருந்த உன் அக்கா சமையலறையிலிருந்து முதல் வார்த்தையாக, "ஸ்டாம்ப் ஒட்டியாச்சில்ல, மறக்காம பொட்டியில போட்ருங்க!" என்கிறாள். நீயோ ஒரே பிடிவாதமாக, "குடு மாமா, நீ எதுக்கு அலையிற, நான் ஸ்டேஷன் போற வழியில போட்டுடறேன்," என்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறாய். உன் விலாசம் தெரியாதபடி கவரின் மேல் இடது கையை விரித்து அழுத்திக்கொண்டு, இந்த வரியை எவ்வளவு மெதுவாக எழுத முடியுமோ அவ்வளவு மெதுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.