குற்றமற்ற பட்டாணி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு, எங்கள் நிறுவனம் குற்றமற்ற பட்டாணியைக் கண்டுபிடிக்கும்வரை அது சும்மாதான் உட்கார்ந்திருந்தது.

இதை நான் விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை. விளம்பரத்துக்காகச் சொல்வதானால் வேறு மாதிரி சொல்வேன்; அதற்குத்தான் எனக்குச் சம்பளம். பட்டாணியிலிருந்து பால், பட்டாணியிலிருந்து வெண்ணெய், பட்டாணியிலிருந்து 'இறைச்சி' என்று எங்கள் நிறுவனம் தயாரிக்கும் எல்லாப் பொட்டலங்களின் மேலும் ஒரு பச்சை முத்திரை இருக்கும். 'இதற்காக ஓர் உயிரும் சாகவில்லை.' அந்த வாசகம் என்னுடையது. மக்கள் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். சிலர் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்ததோடு நிம்மதி அடைந்துவிட்டார்கள்.

எங்கள் இயக்குநரைக் 'கருணை' என்று கூப்பிடுவோம், அவர் காதில் விழும்படியாகவே. அவருக்கு அதில் சந்தோஷம்தான். அறைக்குள் கொசு வந்தால் அடிக்க மாட்டார். உதவியாளரைக் கூப்பிட்டு, "அதுகிட்ட கொஞ்சம் பேசிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நிற்பார். திரும்பி வரும்போது கொசு இருக்காது. அது எப்படி இல்லாமல் போனது என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. பெரிய மனிதர்களை அப்படித்தான் அடையாளம் காண வேண்டும்.

இவ்வளவு உயர்ந்த இடத்தில் குழப்பம் உண்டாக்கியவர் கணக்காளர். அவருடைய மனைவி என் முத்திரையைப் படித்து மனம் மாறி, வீட்டில் அசைவத்தை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து கணக்காளர் கடையில் வாங்கிய கோழிக்காலைத் தன் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிடுகிறார். அலுவலக வளாகத்துக்குள் இறைச்சி வரக் கூடாது என்பது விதி. நிறுத்தி வைத்த கார் வளாகத்தில் சேருமா என்பது இன்னும் தீர்ப்பாகாத வழக்கு. முத்திரையை எழுதியவன் நான் என்பதால் என் மேல் அவருக்குத் தனிக் கவனம் இருந்தது. ஒரு மதியம் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, பட்டாணிய மெஷின் விட்டு அறுக்கிறாங்களே, அதுல எலி சாகாதா?"

"எலியா சார்?"

"எலி, முயல், காடைக்குஞ்சு. எல்லாம் அந்த வயலுக்குள்ளதானே குடும்பம் நடத்துது. அதுங்கள நெனச்சா எனக்கு நெஞ்சு அடைக்குதுப்பா."

அடைத்தது கோழி என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். ஆனால் அவர் கண்ணில் நிஜமாகவே நீர் கோத்திருந்தது. தலை நரைக்கும்வரை ஓர் எலியைப் பற்றியும் நலம் விசாரிக்காத மனிதர், ஒரே ஒரு மதியச் சாப்பாட்டில் உலகத்து எலிகளுக்கெல்லாம் தாயாகிவிட்டார். இப்படியொரு மாற்றத்தை ஞானிகளுக்குக்கூட யாரும் எழுதியதில்லை.

அடுத்த கூட்டத்திலேயே இதை எழுப்பினார். கருணை வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, "இதைப் பத்தி எலிகள் தரப்புல என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். யாரும் விசாரித்திருக்கவில்லை. எல்லோரும் வெட்கப்பட்டோம். உடனே 'உயிரிழப்பின்மை உறுதிக் குழு' அமைக்கப்பட்டு, பல அமர்வுகளுக்குப் பிறகு விதிமுறை பிறந்தது.

அதன்படி, அறுவடை இயந்திரத்துக்கு முன்னால் ஒரு சாட்சி நடக்க வேண்டும். மெல்லக் கைதட்டி, வயலில் குடியிருப்போரைக் கண்ணியமான மொழியில் வெளியேறச் சொல்ல வேண்டும். செத்த பிராணி ஒன்று யார் கண்ணிலாவது பட்டால் அந்த வயலின் பட்டாணி முழுவதும் 'கறைபட்டது'. நாங்கள் தொட மாட்டோம். அது பாதி விலைக்குக் கோழித்தீவன ஆலைக்குப் போகும். அங்கே கோழிகளுக்கு என்ன ஆகும் என்று குழு யோசிக்கவில்லை. அது வேறு நிறுவனம்.

விதிமுறையின் சிகரம் அதன் கடைசி வரி: சாட்சி முன்னால் மட்டுமே பார்க்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது.

"திரும்பிப் பாக்கிறதுன்னா மெஷின் ஓட்டுறவர் மேல சந்தேகம்னு அர்த்தம்" என்று விளக்கினார் கருணை. "சந்தேகமும் ஒரு வன்முறைதான்."

அதை எல்லோரும் எழுதிக்கொண்டோம்.

கணக்காளர் மட்டும் ஒப்பவில்லை. பின்னாலும் ஒருவர் நடக்க வேண்டும், அது தானாகவே இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். சேற்றுக்குப் பயந்து கணக்காளர் வயலில் இறங்கவே மாட்டார் என்ற நம்பிக்கையில் கருணை சம்மதித்தார்.

முதல் வயலாக என் அக்காவின் வயலைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னைச் சாட்சி ஆக்கினார்கள். சொந்த அக்கா வயலுக்குச் சொந்தத் தம்பியே சாட்சி என்றால் நடுநிலைக்குக் குறைவிருக்காது என்று குழு கருதியது. அக்காவும் அத்தானும் அதைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள். போன வருஷம் பட்டாணி ஈரம் குடித்துவிட்டது என்று எங்கள் நிறுவனம் தள்ளிவிட, எல்லாம் தீவனத்துக்குப் போனது. இந்த வருஷமும் அப்படியானால் வயலை விட்டுவிட்டு என் வீட்டு முன்னறைக்கு வந்துவிடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். என் வீட்டில் இருப்பதே ஓர் அறை. அது முன்னறையா பின்னறையா என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

விதிமுறையை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"எலிகிட்ட எந்திரிச்சுப் போங்கன்னு சொல்றதுக்காடா உன்னைப் படிக்க வச்சோம்?"

"'தயவுசெய்து'ன்னு சேத்துச் சொல்லணும்க்கா."

"வானம் கறுத்துட்டு நிக்குது. எலி போகுதோ இல்லியோ, நீ சீக்கிரம் வந்து சேரு."

அறுவடை நாளன்று காலையிலேயே குழுவோடு அலுவலக வேனில் போய்ச் சேர்ந்தோம். கருணை வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூவோடு வரப்பில் நின்று புகைப்படக்காரரிடம் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கணக்காளர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டி, ஒரு கையில் இடுக்கியும் மறு கையில் மதியத்துக்கான பொட்டலமுமாக வந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எலிகள் மேல் தனக்குள்ள துயரத்தை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்திலிருந்து கசிந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள என்ன சார், கோழியா?"

"ஆமாம்மா."

"அது என்ன, காத்தைக் குடிச்சா வளந்துச்சு? போன வருஷம் எங்க பட்டாணி பூரா அதுக்குத்தான் போச்சு. அதை அறுக்கும்போதும் இதே எலிதான் இருந்துச்சு."

கணக்காளர் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "அது வேற கணக்கும்மா" என்றார்.

இயந்திரம் உறுமியது. நான் அதற்கு முன்னால் கைதட்டியபடி நடந்தேன். "தயவுசெய்து வெளியேறவும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி." ஒரு முயல் எழுந்து என்னைப் பார்த்தது. இவ்வளவு மரியாதையாக யாரும் பேசிக் கேட்டிராததால் திகைத்துவிட்டு, வேலிக்கு அப்பால் பக்கத்து வயலுக்குள் பாய்ந்தது. அங்கே வேறொரு நிறுவனத்தின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கள் எல்லைக்கு வெளியே.

எலிகள் ஓடவில்லை. அவை ஆபத்து வந்தால் வளைக்குள்ளோ செடியின் அடியிலோ பதுங்கும் ரகம். இது குழுவுக்குத் தெரியாது. நான் தட்டத் தட்ட அவை இன்னும் நன்றாகப் பதுங்கியிருக்க வேண்டும். சற்று நேரத்தில் எங்கிருந்தோ பருந்துகளும் காக்கைகளும் வந்தன. என் தலைக்கு மேலாகப் பறந்து பின்னால் போயின. வெறும் அலகோடு போனவை வெறும் அலகோடு திரும்பவில்லை. மேலே பார்ப்பதைப் பற்றி விதிமுறையில் ஒரு வார்த்தையும் இல்லை. அந்தக் குறையை நானே நிவர்த்தி செய்தேன், தலையைக் குனிந்துகொண்டேன்.

பாதி வயல் முடிந்திருக்கும். பின்னாலிருந்து ஒரு கூவல். மெஷின் நின்றது. பறவைகளை முந்திக்கொண்டு கணக்காளர் ஒன்றைப் பிடித்துவிட்டார்.

"கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு" என்று இடுக்கியை உயர்த்திப் பிடித்தபடி ஓடி வந்தார். அதன் நுனியில் ஓர் எலி தொங்கியது. நெஞ்சடைத்து அழுத மனிதர் முகத்தில், தன் பிள்ளை முதல் மார்க் வாங்கியதைப் போன்ற பூரிப்பு. கருணை கண்ணை மூடிக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தாள். என் வீட்டின் ஒரே அறையில் அவள் பாய் விரிப்பது எனக்குத் தெரிந்தது.

அத்தான்தான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அவர் பேசுவதே அபூர்வம்.

"வால் ஆடுது" என்றார்.

உண்மைதான். பின்னங்கால் ஒன்று ஒடிந்திருந்தது. மற்றபடி எலி இருந்தது. குழு அங்கேயே வரப்பில் கூடியது. விதிமுறையில் 'செத்த பிராணி' என்றுதான் இருக்கிறதே தவிர 'சாகப்போகும் பிராணி' என்று இல்லை. கருணை தீர்ப்பு சொன்னார்.

"இந்த எலி உயிரோட இருக்கிறவரைக்கும் பட்டாணி சுத்தம்."

"எவ்வளவு நேரம் இருந்துடும்? நான் காத்திருக்கேன்" என்றார் கணக்காளர். சொன்னபடியே வரப்பில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, எலியின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கோழிக்காலைக் கடித்தார்.

அந்தக் காட்சியைப் பொறுக்க முடியாமல் கருணை தன் கைக்குட்டையில் எலியை ஏந்திக்கொண்டு வேனை நோக்கி ஓடினார். மனிதர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. கடைசி மூச்சுக்குத் தானும் சாட்சியாக இருக்க வேண்டும் என்று கணக்காளர் பாதிக் கோழியோடு பின்னாலேயே ஏறினார். புகைப்படக்காரர் ஏறினார். குழு ஏறியது. நானும் ஏறினேன்.

மாட்டு டாக்டர் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எலிக்கு மருந்து கேட்டு நிறையப் பேர் வந்திருக்காங்க. பொழைக்கிறதுக்கு இதுதான் முதல் தடவை."

அது சாதாரண எலி இல்லை, ஒரு முழு வயலின் மானமே அதன் மூச்சில் இருக்கிறது என்று கருணை விளக்கினார். டாக்டர் பஞ்சு எடுத்தார், மருந்து வைத்தார், தீக்குச்சியால் அணை கொடுத்துக் கட்டினார். மேசையைச் சுற்றி இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு பெரிய மனிதர் படுத்திருந்தால்கூட அவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்காது. பாதிப் பேர் ஆபீஸில் வேலை இருப்பதாகச் சொல்லியிருப்போம். கணக்காளர் மட்டும், "பொழைச்சிடுமா?" என்று கவலையோடு கேட்டார்.

அப்போது என் போன் அடித்தது. வெளி வராந்தாவுக்கு வந்தேன். அக்கா.

"டேய், தூறல் போடுது. ஓட்டவா நிறுத்தவான்னு மெஷின்காரர் கேக்கறார். இப்ப அறுத்தாத்தான் உண்டு."

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். கருணையிடம் கேட்டால் குழு கூடும். குழு கூடினால் மழை முந்திவிடும்.

"அங்க யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் உங்க அத்தானும் மெஷின்காரரும்தான். வேற யாரு?"

"பின்னால நடக்கிறவர்?"

"அவர்தான் உங்ககூட எலிக்குக் காவல் இருக்காரே."

"முன்னால நடக்கிற சாட்சி?"

"நீதானேடா அது?"

தூறல் மெஷினின் தகரக் கூரையில் விழும் சத்தம் போனில் கேட்டது. இங்கே இன்னும் விழவில்லை.

"ஓட்டச் சொல்லுக்கா" என்றேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. வயல் சவரம் செய்த முகம்போல் மழுங்கக் கிடந்தது. மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் பத்திரமாக இருந்தன. மரக்கிளைகளில் காக்கைகள் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தன. பறக்க அவற்றுக்கு வயிறு இடம் கொடுக்கவில்லை. கைக்குட்டைக்குள் எலி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கருணை என்னிடம் முறைப்படி கேட்டார். செத்த பிராணி எதுவும் என் கண்ணில் படவில்லை என்று முறைப்படி சொன்னேன். கணக்காளரிடமும் கேட்டார். நாள் முழுக்க ஓர் எலியைத் தவிர வேறெதையும் அவர் பார்த்திருக்கவில்லை. வயலின் பட்டாணி முழுவதும் குற்றமற்றது என்று அறிவிக்கப்பட்டது. நான் கையெழுத்துப் போட்டேன். கருணை அழுதேவிட்டார். அக்கா தலையைத் துவட்டத் துண்டு கொண்டுவந்து, முதலில் என்னிடம் கொடுத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அத்தான் மழையில் குந்தி, அறுவடை மெஷினின் பற்களை வைக்கோலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க, மழை கழுவிடும்" என்றாள் அக்கா.

"இல்ல, நானே தொடச்சிடறேன்" என்றார்.

எதைத் துடைக்கிறார் என்று நான் கேட்கவில்லை. நானும் பெரிய மனிதன் ஆகிக்கொண்டிருந்தேன்.

எலி பிழைத்துக்கொண்டது. இப்போது எங்கள் அலுவலக வரவேற்பறையில், மெத்தை போட்ட கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. மேலே 'இதற்காக ஓர் உயிரும் சாகவில்லை' என்ற பலகை; கீழே ஆதாரமாக எலி. வருகிறவர்கள் மனமுருகிப் படம் எடுக்கிறார்கள். கணக்காளரின் மனைவி கண்ணாடியில் கைவைத்து நெடுநேரம் நின்றார். கணக்காளர் நாள் தவறாமல் காலையில் வந்து எட்டிப் பார்த்து, அது உயிரோடு இருப்பதைக் கண்டு மனமொடிந்து காருக்குத் திரும்புகிறார்.

அதற்குத் தீனி போடுவது என் பொறுப்பு. அக்கா வயல் பட்டாணிதான் போடுகிறேன். நன்றாகவே தின்கிறது, தின்றுகொண்டே, தலையை நிமிர்த்தி என்னையே பார்க்கிறது. எங்கள் நிறுவனத்தில் அந்த மெஷினுக்கு அடியில் நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி அதுதான். நல்லவேளை, அதற்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.